சிதைவு வினைக்கு ஓர் எடுத்துக்காட்டு

ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில்தான், என் குடும்பம் என்னை எந்த வகையில் சேர்த்து வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது.

மாமனார் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்டுக்குள் ஏணி நுழையாது. அதைத் தோளில் சாத்திக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் இடித்துக்கொண்டு ஏறி முடித்தபோது எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே மாமனாரின் குரல் கேட்டது.

"சரி, அடுத்தது. சிதைவு வினை. எடுத்துக்காட்டு?"

"அக்கா!" என்றாள் என் கொழுந்தன் மனைவி. யோசிக்கவே இல்லை.

"எந்த அக்கா? பரீட்சையில விளக்கம் கேப்பாங்கம்மா."

"நம்ம பெரியக்காதான் மாமா. ஒண்ணா இருந்தது சூடு தாங்காம ரெண்டாப் பிரிஞ்சுது. அதான் சிதைவு."

"சபாஷ்!"

ஏணி என் தோளிலிருந்து தானாக இறங்கியது. அது தரையில் விழுந்த சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. நான் உள்ளே போனேன். மாமனார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையிலிருந்த வேதியியல் புத்தகத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சின்னவள் எழுந்து நின்றாள். அவளை வீட்டில் எல்லாரும் சின்னவள் என்பார்கள், என்னைப் பெரியவள் என்பார்கள். ஓரகத்திகள் நாங்கள் இருவர்தான், குழப்பம் வர வாய்ப்பே இல்லை.

"நான் சிதைவா?" என்றேன்.

"தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார் மாமனார்.

எனக்குக் கோபம் வரும். வராது என்று பொய் சொல்லமாட்டேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிப்பவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்குச் சாந்த சொரூபமாக இருக்க முடியாது. ஆனால் அன்றைக்கு வந்த கோபம் வேறு மாதிரி. மூன்று மாடி ஏணி சுமந்து வந்தவளைச் சிதைவு என்றால் யாருக்குத்தான் வராது?

விஷயம் இதுதான். சின்னவள் குடிநீர் நிலையத்தின் பரிசோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவுகிறாள். ஊரின் குழாய்களிலிருந்து தினமும் பாட்டில்களில் தண்ணீர் வரும். அதைச் சோதிப்பவர்கள் சோதித்து முடித்ததும் பாட்டில்கள் இவளிடம் வரும். சோப்பு, பிரஷ், குழாய்த் தண்ணீர், கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீர். பல வருஷமாக இதே வேலை. அவளுக்கு ஆசை, மேசைக்கு அந்தப் பக்கம் போகவேண்டும் என்று. உதவிப் பரிசோதகர் ஆவதற்கு உள்பரீட்சை ஒன்று உண்டு. காலையில் எழுத்துத் தேர்வு, மதியம் வாய்மொழித் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தோற்றுவிட்டாள். மூன்றாவது முறையும் தோற்றால் அப்புறம் எழுதவே முடியாது, அதுதான் அங்கே விதி. ஓய்வு பெறும்வரை பாட்டில்தான்.

இரண்டு முறையும் அவளைக் கவிழ்த்தது ஒரே பகுதி, வேதிவினைகளின் வகைகள். சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி. ஒரு சமன்பாட்டைக் கொடுத்து எந்த வகை என்று கேட்டால் அவளுக்குக் கண் இருட்டிவிடும். இதைக் கேள்விப்பட்ட மாமனார் மூன்றாம் முறைக்கு உதவ முன்வந்தார். அவர் வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர். வேதியியல் அவருக்கு அ, ஆகூடத் தெரியாது. தெரியாதவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்காமல், "இதெல்லாம் என்னம்மா கஷ்டம், நம்ம குடும்பத்துல இல்லாத வினையா?" என்று ஆளுக்கொரு வகையாக உறவுக்காரர்களைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

பிரித்த விதம் மோசமில்லை, அதையும் சொல்லவேண்டும். மாமனாரின் தங்கை கணவர் இந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும் நேராக மாமனாரின் சாய்வு நாற்காலியில்தான் உட்காருவார். மாமனார் முக்காலிக்குப் போகவேண்டும். அது இடப்பெயர்ச்சி வினை, பலசாலி வந்தால் பலவீனன் வெளியே. இன்னொரு பக்கம், சின்ன அத்தை வீடும் செருப்புக்கடைக்காரர் வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். இந்த வீட்டுப் பெண் அங்கே, அந்த வீட்டுப் பெண் இங்கே. அது இரட்டை இடப்பெயர்ச்சி. அந்தக் கல்யாணத்துக்கு வந்த செருப்புக்கடைச் சித்தப்பா ஒருவர் இன்றுவரை ஊர் திரும்பாமல் அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டார். அவர்தான் வீழ்படிவு. அடியில் தங்கிவிடும், அசையாது.

இவ்வளவு அழகாகப் போட்டவர்கள் எனக்கு மட்டும் சிதைவு கொடுத்திருந்தார்கள்.

"புத்தகத்தக் கொடுங்க," என்று கையை நீட்டினேன். மாமனார் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து படித்தேன். ஒரு பொருள் வெப்பத்தாலோ ஒளியாலோ மின்சாரத்தாலோ இரண்டாகவோ அதற்கு மேலாகவோ பிரிவது சிதைவு வினை.

"இதோ பாருங்க, வெப்பம் கொடுத்தாத்தான் பிரியுமாம். அந்த வெப்பத்தக் கொடுத்தது யாரு?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "சட்டியச் சொல்றீங்களா அக்கா?"

சொல்லிவிட்டாள். வருஷக்கணக்காக அந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்காத வார்த்தை.

நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தபோது என்னிடம் ஓர் இரும்புச் சட்டி இருந்தது. எண்ணெய் தடவி, சூடாக்கி, துடைத்து, மறுபடி எண்ணெய் தடவி வருஷக்கணக்கில் பழக்கிய சட்டி. முட்டை போட்டால் வழுக்கிக்கொண்டு வரும். நான் என் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பிய ஒருநாள் அது பளபளவென்று வெள்ளிமாதிரி இருந்தது. பாட்டில் கழுவும் கை சும்மா இருக்குமா? கருப்பு என்றாலே அழுக்கு என்று நினைத்து, நான் வருவதற்குள் எனக்கு ஆச்சரியம் கொடுக்க, இரண்டு நாள் உட்கார்ந்து சுரண்டித் தேய்த்திருந்தாள். நான் கத்தினேன். அவள் அழுதாள். இரண்டு தம்பதிகள், ஒரு சமையலறை, ஏற்கெனவே உரசல். அடுத்த மாதமே நானும் என் கணவரும் இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு பார்த்துக்கொண்டோம். அதற்கப்புறம் எனக்கும் அவளுக்கும் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." அவ்வளவுதான்.

"ஆமா, சட்டியத்தான் சொல்றேன்," என்றேன். "நீ தேய்ச்ச, நான் வெளியேறினேன். இது சிதைவு இல்ல. என்னைத் தள்ளிட்டு நீ இடம் பிடிச்ச. இடப்பெயர்ச்சி."

மாமனார் நடுவில் புகப் பார்த்தார். "விடுங்கம்மா ரெண்டு பேரும்…"

ஆனால் சின்னவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் யோசித்தால் கீழுதட்டைக் கடிப்பாள். "இடப்பெயர்ச்சின்னா வினைதிறன் அதிகமானது வந்து, குறைஞ்சத வெளிய தள்ளணும் அக்கா. தாமிர சல்பேட்டுல இரும்பு ஆணியப் போட்டா, இரும்பு உள்ள போயி தாமிரத்த வெளிய தள்ளும். இரும்புக்குத்தான் வேகம் அதிகம்." நிறுத்தினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்ப என்ன விட நீங்க வேகம் குறைஞ்சவங்கன்னு சொல்றீங்களா?"

நான் வேகம் குறைந்தவளா? இந்தப் பூனையைவிடவா? சிதைவு என்றால் குடும்பத்தைப் பிரித்தவள். இடப்பெயர்ச்சி என்றால் வலுவில்லாதவள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

"புத்தகத்த நான் எடுத்துட்டுப் போறேன்," என்று எழுந்தேன். "நாளைக்குக் கொண்டு வர்றேன். வேற வகை இல்லாமலா போகும்?"

அன்றைக்கு வீட்டில் என் கணவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சாமான் வண்டி ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். "எரிதல்னு ஒரு வகை போட்டிருக்கே, அது உனக்குப் பொருந்துமே," என்றார். அன்று பாத்திரமெல்லாம் அவர்தான் கழுவினார்.

மறுநாள் சாயங்காலம் கடைசி வகுப்பு முடிந்ததும் நேரே மாமனார் வீட்டுக்குப் போனேன்.

"சேர்க்கை," என்றேன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே. "நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து புதுசா ஒரு வீட்ட உண்டாக்கினோம். ரெண்டு சேர்ந்து ஒண்ணு. முடிஞ்சுது."

சின்னவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சேர்க்கைன்னா சேர்ந்தது ஒரே பொருளாகணும் அக்கா. மக்னீசியம் நாடாவ எரிச்சா ஆக்ஸிஜனோட சேர்ந்து வெள்ளைத் தூளாகும். அதுக்கப்புறம் மக்னீசியமும் தெரியாது, ஆக்ஸிஜனும் தெரியாது. உங்க வீட்டுல சண்டை வந்தா ரெண்டு குரலும் அடுத்த தெருவரைக்கும் தனித்தனியாத்தான் கேக்குது."

மாமனார் சிரித்துவிட்டு உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் நான் ஒளிச்சிதைவை எடுத்துக்கொண்டு போனேன். அதாவது பிரிந்தது பிரிந்ததுதான், ஆனால் காரணம் வெப்பமில்லை, அந்த வீட்டில் எங்கள் அறைக்கு வெளிச்சம் போதாது. "ஒளி பட்டாத்தான் ஒளிச்சிதைவு, ஒளி இல்லாததுக்கு ஒண்ணும் கிடையாது," என்று அவள் தள்ளுபடி செய்தாள். அதற்கும் அடுத்த நாள் மின்சாரத்தைக் குற்றவாளி ஆக்கிப் பார்த்தேன். தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜன் ஒரு பக்கமும் ஆக்ஸிஜன் ஒரு பக்கமும் குமிழாக வரும் என்று அவள் தட்டில் விரலால் வரைந்தே காட்டினாள்.

சாயங்காலம் ஆனால் என் கால் தானாக அந்த மாடிப்படி ஏறியது. நான் சண்டை போடத்தான் போனேன், இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சண்டையில் ஜெயிக்க நான் படிக்கவேண்டியிருந்தது, என்னை ஜெயிக்க அவள் இன்னும் அதிகமாகப் படிக்கவேண்டியிருந்தது. நடுவில் ஒருத்தி வெங்காயம் நறுக்கினாள், இன்னொருத்தி துணி மடித்தாள். ஒருநாள் பேச்சுச் சூட்டில் நானே அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டேன். அவள் அதை எடுத்து மறுபடி ஒருமுறை கழுவினாள். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது இடி விழுந்தது. பரிசோதனைக்கூடத்தின் தலைமை அதிகாரி, நல்ல மனுஷி, எழுதப்போகிறவர்களுக்கு ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். சின்னவள் அன்று வீட்டுக்கு வந்தபோது முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. விடைத்தாளை மேசையில் வைத்தாள்.

கேள்வி: இரட்டை இடப்பெயர்ச்சி வினைக்கு ஒரு சமன்பாடு எழுதுக. வீழ்படிவைக் குறிப்பிடுக.

அவள் எழுதியிருந்தது: சின்ன அத்தை வீடு + செருப்புக்கடைக்காரர் வீடு. வீழ்படிவு: சித்தப்பா.

பக்கத்தில் அதிகாரி சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அவ்வளவு பெரிய கேள்விக்குறியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"பயத்துல எனக்கு வேற எதுவுமே ஞாபகம் வரல அக்கா," என்றாள். "கண்ண மூடினா சித்தப்பாதான் வந்து உக்காந்துக்கறாரு. உங்ககிட்ட சண்டை போடும்போது தாமிரம், மக்னீசியம் எல்லாம் வருது. பேப்பரப் பாத்தா சொந்தக்காரங்கதான் வராங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா அவ்ளோதான். கழுவிக்கிட்டே கெடக்கவேண்டியதுதான்."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, இன்னும் மடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இவள் தோற்றால் என்ன ஆகும் என்று அதுவரை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை, என் வழக்கே எனக்குப் பெரிதாக இருந்தது. மாமனார் மூலையில் முக்காலியில் உட்கார்ந்து, "எல்லாம் என்னால வந்தது," என்று முணுமுணுத்தார்.

"ஆமா, உங்களாலதான்," என்றேன். "நாளைலேர்ந்து இவள நான் பாத்துக்கறேன். காலைல வேலைக்கும் நானே கொண்டுபோய் விடறேன்."

என் பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுபவருக்கு, இன்னொன்று பக்கத்தில் உட்காரும் எனக்கு. அந்த வாரம் காலையும் மாலையும் நான் ஓட்டினேன், என் வழக்கமான இருக்கையில் சின்னவள் உட்கார்ந்தாள். மாமனார் புத்தகத்தோடு பின்சீட்டில். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும், நானும் வாத்தியார் குரலை எடுத்துவிட்டேன். "சட்டம் ஒண்ணுதான். இந்தக் காருக்குள்ள சொந்தக்காரங்க பேர யாரு சொன்னாலும் அந்த இடத்துலயே இறங்கிடணும்."

சிவப்பு விளக்கில் நின்றால் மாமனார் ஒரு வினையைப் படிப்பார். பச்சை விழுவதற்குள் அவள் வகையைச் சொல்லவேண்டும். முதல் நாள் பெரிய கூத்து. பதில் தெரியாத போதெல்லாம் அவள் கால் பதறிப்போய் அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தது. நடுச்சாலையில் கார் குலுங்கி நிற்கும், பின்னாலிருந்து பஸ் ஹாரன் அடிக்கும், மாமனார் மூக்கு என் இருக்கையின் முதுகில் இடிக்கும்.

"வேதியியல்ல பிரேக் கிடையாதுடி! தெரியலன்னா தெரியலன்னு சொல்லு!"

"தெரியல அக்கா!"

"அப்ப காலெடு!"

இரண்டாம் நாள், ஒரு சிக்னலில் துத்தநாகமும் தாமிர சல்பேட்டும் வந்தது. அவள் தடுமாறினாள். உதவலாம் என்று மாமனார் பின்னாலிருந்து மெதுவாக, "நம்ம நாற்காலிக்காரர நெனச்சுக்கம்மா," என்றார்.

நான் ஓரங்கட்டினேன்.

"மாமா, இறங்குங்க."

"என்னம்மா, வயசானவன…"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். பஸ் ஸ்டாப் எதிர்லயே இருக்கு."

இறங்கினார். புத்தகத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, கார் நகரும்போது கையாட்டினார். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்து, அடுத்த சிக்னலில் நாங்கள் எதையும் படிக்கவில்லை.

சிரித்தபோதுதான் அவள் கையைக் கவனித்தேன். விரல்நுனிகளில் கறுப்புப் புள்ளிகள். "என்னடி இது, மையா?" என்றேன்.

"சில்வர் நைட்ரேட் அக்கா. தண்ணில குளோரைடு எவ்ளோ இருக்குன்னு பாக்கறதுக்கு ஊத்துவாங்க. கைல பட்டா வெளிச்சத்துல கறுத்துடும். ஒரு வாரத்துக்குப் போகாது."

"ஊத்தினா என்ன ஆகும்?"

"வெள்ளையாத் திரியும். அந்த பாட்டிலக் கழுவறது ரொம்பத் தொல்லை, அடில ஒட்டிக்கும்."

"அடில ஒட்டிக்கறதுக்குப் பேரு என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். சித்தப்பா வரப்போகிறார் என்று பயந்தேன். அவர் வரவில்லை. "வீழ்படிவு," என்றாள் மெதுவாக. "சில்வர் குளோரைடு. வெள்ளியும் சோடியமும் ஜோடி மாத்திக்குது. இரட்டை இடப்பெயர்ச்சி." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இத நான் தினமும் கழுவறேனே!"

"அத வெச்சுக்கிட்டா இந்தச் சித்தப்பாவக் கட்டி அழுத?"

அதன்பிறகு வழி நேராகிவிட்டது. ஒவ்வொரு வினைக்கும் அவள் தான் கழுவும் பாட்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். துரு பிடித்த மூடியில் இரும்பும் ஆக்ஸிஜனும், அது சேர்க்கை. வெளிச்சத்தில் வைத்தால் கெட்டுப்போகும் என்பதற்காகப் பழுப்பு பாட்டிலில் வைக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு, அது சிதைவு. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். வார முடிவில் நான் சிக்னலுக்கு நிற்காமலே கேட்டேன், அவள் பிரேக்கைத் தொடாமலே பதில் சொன்னாள்.

பரீட்சை நாளன்று வகுப்புகளை ரத்து செய்துவிட்டேன். குடிநீர் நிலையத்தின் வாசலில் காரை நிறுத்தினோம். மாமனார் தான் கொண்டுவந்த ரொட்டியைத் தானே தின்று தீர்த்தார். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. மதியம் அவள் எட்டிப்பார்த்து, எழுத்துத் தேர்வு பரவாயில்லை என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே போனாள். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். முடிவை அன்று மாலையே சொல்லிவிடுவார்கள்.

"வாய்ல சொந்தக்காரங்க வந்துடக்கூடாது," என்றார் மாமனார். இதையே அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வரமாட்டாங்க."

"வந்துட்டா?"

"சும்மா இருங்க மாமா."

நான் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நான் ஓட்டுநர் தேர்வு எழுதியபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை. இந்தப் பெண்ணோடு நான் பேசாமல் இருந்த வருஷங்களெல்லாம் அப்போது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றின. சட்டி சட்டிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இவள் ஜெயிக்கவேண்டும்.

சாயங்காலம் அவள் வெளியே வந்தாள். நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். கேட்டைத் தாண்டும்போதே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். மாமனார் கார் கதவைத் திறக்கத் தெரியாமல் ஜன்னல் வழியாகவே "பாஸா? பாஸா?" என்று கத்தினார். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பெல்லாம் சோப்பு வாசனை.

காருக்குள் உட்கார்ந்தபிறகும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"என்னம்மா கேட்டாங்க?" என்றார் மாமனார்.

"நெறைய கேட்டாங்க மாமா, எல்லாம் சொல்லிட்டேன். கடைசியா ஒண்ணு செஞ்சு காட்டினாரு. சோதனைக் குழாய்ல வெள்ளையா ஒரு உப்பு, அம்மோனியம் குளோரைடு. அடில சூடு பண்ணாரு. கொஞ்ச நேரத்துல அடில இருந்தது காணாமப் போச்சு. மேல, குழாயோட வாய்ப்பக்கம், வெள்ளையா வந்து படிஞ்சுது. 'இது என்ன வகை?'ன்னு கேட்டாரு. சிதைவுன்னேன். சூட்டுல அது அம்மோனியாவாவும் ஹைட்ரஜன் குளோரைடாவும் பிரிஞ்சுடுது."

"சரி."

"'அப்ப மேல படிஞ்சது என்ன?'ன்னாரு. அதே உப்புதான்னேன். சூடு இல்லாத இடத்துக்குப் போனதும் ரெண்டும் திரும்பச் சேர்ந்துக்குது. பிரியறதும் அதுதான், சேர்றதும் அதுதான்." அவள் கீழுதட்டைக் கடித்தாள். "'புத்தகத்துல படிச்சீங்களா, செஞ்சு பாத்தீங்களா?'ன்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?" என்றேன்.

"எங்க வீட்டுல பாத்திருக்கேன்னு சொல்லிட்டேன் அக்கா. தானா வாய்ல வந்துடுச்சு."

மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "சொல்லிட்டியா! அதத்தானே நான் காலைலேர்ந்து பயந்தேன். அவரு என்ன சொன்னாரு?"

"'நல்ல வீடு'ன்னு சொல்லிட்டு மார்க் போட்டுட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, மறைக்கவும் முடியவில்லை. பயிற்சிக் காரில் எத்தனையோ பேரை நான் அழவைத்திருக்கிறேன், நானே அழுதது அன்றுதான். மாமனார் ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கத்துச் சுவரை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

சின்னவள் தன் கறுத்த விரல்களால் என் முழங்கையைத் தொட்டாள். "இனிமே படிக்க ஒண்ணும் இல்லையே அக்கா. சாயங்காலத்துல எப்பவும்போல வருவீங்களா?"

"வராம? உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தெரியாதில்ல? நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழ வந்து நில்லு. லேட்டானா திட்டுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

பின்சீட்டில் மாமனார் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.